சமையலறைக் கழிவு உரமாக்கம்

சமையலறைக் கழிவு உரமாக்கம் என்பது காய்கறித் தோல், மிஞ்சிய சோறு, தேயிலைச் சக்கை, பழத்தோல் முதலிய வீட்டு உணவுக் கழிவுகளை நுண்ணுயிரிகளின் துணையால் மட்கச் செய்து, மண்ணுக்கு இடத்தக்க உரமாக மாற்றும் முறையாகும். உணவுக் கழிவு எங்கு கிடந்தாலும் அழுகும். குப்பைக் கிடங்கில் நெகிழிப் பைக்குள் காற்றின்றி அழுகினால் மெத்தேன் வாயுவும் நாற்றமும் நச்சுக் கசிவுநீரும் உண்டாகும். வீட்டுத் தொட்டியில் சருகுடன் சேர்ந்து காற்றோட்டத்தில் மட்கினால் அதே கழிவு உரமாகும். இரண்டில் எது நடக்கும் என்பது பெரும்பாலும் சமையலறையிலேயே, கழிவைத் தனியாக எடுத்து வைக்கும்போதே முடிவாகிவிடுகிறது.

கழிவின் அளவு

தென்காசி மாவட்டத்தில், தென்காசியிலிருந்து இராசபாளையம் செல்லும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த நகராட்சி கடையநல்லூர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்ந்தோர் 90 ஆயிரத்துக்குச் சற்றுக் கூடுதல். இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 55 கிலோ உணவுக் கழிவு உண்டாவதாக ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட உணவு வீணாக்கக் குறியீட்டு அறிக்கை மதிப்பிடுகிறது. தோல், விதை, எலும்பு போன்ற உண்ண இயலாத பகுதிகளும் இதில் அடக்கம்.

இந்தத் தேசிய சராசரியைக் கடையநல்லூரின் மக்கள்தொகையோடு பெருக்கினால் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 4,950 டன், அதாவது நாளொன்றுக்கு 13 டன்னுக்கு மேல் வருகிறது. இது நேரடியாக அளந்த கணக்கன்று. சிக்கலின் பருமனை உணர்த்தும் தோராயக் கணக்கு மட்டுமே. ஐந்து பேர் உள்ள ஒரு குடும்பத்துக்கு இதே கணக்கு நாளுக்கு முக்கால் கிலோ ஆகிறது. நகரத்துக்கு லாரிக் கணக்கில் சுமையாகத் தெரிவது வீட்டுக்கு ஒரு சிறு வாளி அளவே. கழிவை அது உண்டாகும் இடத்திலேயே கையாள வேண்டும் என்ற கருத்துக்கு இந்த வேறுபாடே அடிப்படை.

பழைய வழக்கம்

தமிழகத்தின் வேளாண் பகுதிகளில் ‘குப்பை’ என்ற சொல் வேண்டாத பொருளை மட்டும் குறிப்பதில்லை. வயலுக்கு இடும் தொழு உரத்தையும் குறிக்கும். வயலுக்கு உரம் ஏற்றிச் செல்வதைக் ‘குப்பை அடித்தல்’ என்பர். வீட்டுப் புறக்கடையில் இருந்த எருக்குழியில் சாணம், சாம்பல், சருகு, அடுக்களைக் கழிவு எல்லாம் விழுந்தன. அரிசி களைந்த நீரும் காய்த்தோலும் கழனிப் பானையில் சேர்ந்து மாட்டுக்குச் சென்றன. அந்தக் காலக் குப்பையில் நெகிழி இல்லை; எனவே தனியாகப் பிரிக்கும் வேலையும் இல்லை.

இந்த வழக்கத்தை ஆய்வுக்கு உட்படுத்தி முறைப்படுத்தியவர்களுள் முதன்மையானவர் ஆங்கிலேய வேளாண் அறிவியலாளர் ஆல்பர்ட் ஓவார்டு. இந்தூரில் 1924 முதல் 1931 வரை பணியாற்றிய காலத்தில் அவர் உருவாக்கிய காற்றுள்ள உரமாக்கம் ‘இந்தூர் முறை’ எனப் பெயர் பெற்றது. பெங்களூரில் 1939-இல் சி. என். ஆச்சார்யா உருவாக்கிய குழிமுறை ‘பெங்களூர் முறை’ எனப்பட்டது. நகரக் குப்பையை அடுக்கடுக்காகக் குழியிலிட்டு மூடி, மட்கிய பின் உழவர்களுக்கு விற்பதற்கு நகராட்சிகள் அதைப் பின்பற்றின. நகரக் குப்பையைக் கொட்டும் இடத்துக்குப் பல ஊர்களில் ‘உரக்கிடங்கு’ என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. நெகிழி, கண்ணாடி, மின்கலம், மருந்துக் குப்பி எல்லாம் கலந்து வரத் தொடங்கிய பின் அத்தகைய இடங்கள் பலவற்றில் உரம் நின்றுபோய்ப் பெயர் மட்டும் எஞ்சியது.

கலந்த குப்பையில் நடப்பது

நெகிழிப் பையில் முடிச்சிட்டு எறியப்படும் சாம்பார்ச் சோறு காற்றைக் காண்பதில்லை. ஆக்சிசன் இல்லாத நிலையில் வாழும் நுண்ணுயிரிகள் அதைச் சிதைக்கும்போது மெத்தேன் உண்டாகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் மெத்தேன் கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 27 மடங்கும், இருபது ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 80 மடங்கும் புவியை வெப்பமூட்டவல்லது. காற்று மண்டலத்தில் அது நிலைத்திருப்பது சுமார் 12 ஆண்டுகளே என்பதால், இன்று மெத்தேனைக் குறைத்தால் அதன் பலன் ஒரு தலைமுறைக்குள்ளேயே தெரியும். உலக அளவில் வீணாகும் உணவு, அதை விளைவிப்பதில் தொடங்கி அழுகுவது வரை, மனிதரால் வெளியாகும் பசுமைக்குடில் வாயுக்களில் 8 முதல் 10 விழுக்காட்டுக்குக் காரணம் என மதிப்பிடப்படுகிறது.

ஈரக் கழிவு கலந்தால் மற்ற பொருள்களும் கெடுகின்றன. குழம்பு தோய்ந்த தாளையும் அட்டையையும் பழைய பொருள் வாங்குவோர் எடுப்பதில்லை. உடைந்த மின்கலத்தின் உலோக நச்சு உணவுக் கழிவோடு சேர்ந்தால், அதிலிருந்து பெறும் உரம் வயலுக்கு ஆகாது. மழைக்காலத்தில் குவியலினூடே இறங்கும் நீர் இவற்றையெல்லாம் கரைத்துக்கொண்டு நிலத்தடி நீரையும் குளங்களையும் சேர்கிறது. கோடையில் குவியலுக்குள் தேங்கிய மெத்தேன் தீப்பிடிக்கத் துணைசெய்கிறது. சென்னை பெருங்குடிக் கிடங்கில் 2022 ஏப்ரலில் பற்றிய தீ அணையப் பல நாள்கள் ஆயின.

ஒருமுறை கலந்ததைப் பின்னர் பிரிப்பது மிகுந்த செலவு பிடிக்கும். பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த பழங்குப்பையைத் தோண்டி, இயந்திரங்களால் சலித்துப் பிரிக்கும் பணி பல கோடி ரூபாய்ச் செலவில் மேற்கொள்ளப்பட்டது. வீட்டில் இரண்டு வாளி வைத்துச் செய்யும் வேலையையே அந்த இயந்திரங்கள் பல ஆண்டுகள் கழித்துச் செய்கின்றன.

மட்குதல் நடக்கும் விதம்

மட்குதலுக்குக் கார்பன், நைட்ரஜன், ஈரம், காற்று ஆகிய நான்கும் தேவை. நுண்ணுயிரிகள் கார்பனை ஆற்றலுக்கும் நைட்ரஜனைத் தம் உடல் வளர்ச்சிக்கும் பயன்படுத்துகின்றன. ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருப்பது ஏற்ற அளவு. காய்கறித் தோல், சோறு, மீன் போன்ற ஈரக் கழிவில் நைட்ரஜன் மிகுதி. காய்ந்த சருகு, மரத்தூள், வைக்கோல், தேங்காய் நார்க்கழிவு ஆகியவற்றில் கார்பன் மிகுதி. சமையலறைக் கழிவை மட்டும் தனியே தொட்டியில் இட்டால் நாற்றம் வருவதற்கு இதுவே காரணம். மிகுதியான நைட்ரஜன் அம்மோனியாவாக வெளியேறுகிறது. மிகுதியான ஈரம் காற்றுப் புகும் இடைவெளிகளை அடைத்துவிடுகிறது. சருகு சேர்த்தால் இரண்டு குறைகளும் ஒருசேர நீங்கும்.

ஈரம் 50 முதல் 60 விழுக்காடு வரை இருக்க வேண்டும். ஒரு கைப்பிடி கலவையை இறுகப் பிழிந்தால் ஓரிரு துளிகள் மட்டும் வர வேண்டும். நீர் ஒழுகினால் ஈரம் மிகுதி, உள்ளங்கை நனையாவிட்டால் குறைவு. பெரிய குவியல்களில் வெப்பம் 55 பாகை செல்சியசுக்கு மேல் உயர்ந்து நோய்க்கிருமிகளையும் களை விதைகளையும் அழிக்கும். சிறிய வீட்டுத் தொட்டியில் அவ்வளவு வெப்பம் ஏறுவது அரிது. ஆகவே வீட்டு உரத்தில் நோயுற்ற செடிகளையும், நாய், பூனை ஆகியவற்றின் கழிவையும் சேர்ப்பதில்லை.

வீட்டில் செய்யும் முறைகள்

மண்தொட்டி முறை: புறக்கடையோ தோட்டமோ இல்லாத வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் ஏற்றது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 லிட்டர் கொள்ளளவுள்ள மண்தொட்டிகள் மூன்று போதும். சுவரிலும் அடியிலும் விரல் நுழையும் துளைகள் வேண்டும். அடியில் மூன்று விரற்கடை உயரத்துக்குத் தேங்காய் நாரோ சருகோ பரப்ப வேண்டும். பின் நாள்தோறும் ஒரு பங்கு சமையலறைக் கழிவை இட்டு, அதன்மேல் ஒன்று முதல் இரண்டு பங்கு சருகைத் தூவி மூட வேண்டும். தொடக்கத்தில் நுண்ணுயிரிகளைச் சேர்க்கச் சாணிக் கரைசலோ, புளித்த மோரோ, ஏற்கெனவே மட்கிய உரமோ ஒரு கைப்பிடி அளவு போதும். வாரம் இருமுறை குச்சியால் கிளறிவிட வேண்டும். ஒரு தொட்டி நிரம்ப ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அதை மூடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்கினால், மூன்றாவது நிரம்பும்போது முதல் தொட்டியில் உரம் ஆயத்தமாக இருக்கும்.

குழி முறை: இடம் உள்ள வீடுகளுக்கு எளியது. இரண்டு அடி ஆழக் குழியில் கழிவையும் சருகையும் மாற்றி மாற்றி இட்டு, மேலே மெல்லிய மண் படலம் தூவ வேண்டும். கிணற்றுக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் அருகில் குழி தோண்டக் கூடாது.

குழாய் முறை: அகன்ற பிவிசி குழாயை மண்ணில் செங்குத்தாக ஊன்றி, மேல்வாயில் மூடி இட்டுக் கழிவைப் போடும் முறை. கேரளத்தில் இது பரவலானது. இரண்டு குழாய்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவர்.

மண்புழு முறை: பாதி மட்கிய கழிவை மண்புழுக்கள் தின்று நயமான உரமாக மாற்றுகின்றன. சென்னையைச் சேர்ந்த மண்ணுயிரியல் அறிஞர் சுல்தான் அகமது இசுமாயில் உள்நாட்டு மண்புழு வகைகளைக் கொண்டு உரம் ஆக்கும் முறையைத் தமிழகத்தில் பரவச் செய்தார். மண்புழுவுக்கு உப்பு, எண்ணெய், காரம் ஆகா. நிழலும் ஈரமும் இன்றியமையாதவை.

இடத்தக்கவையும் தகாதவையும்

காய்கறி, பழத் தோல்கள், கீரைத் தண்டு, காப்பி மற்றும் தேயிலைச் சக்கை, நொறுக்கிய முட்டை ஓடு, வாடிய பூ, கிழித்த வாழையிலை ஆகியவை தயக்கமின்றி இடத்தக்கவை. மிஞ்சிய சோறு கட்டியாகி உள்ளே காற்றுப் புகாமல் புளித்துப்போகும். அதை உதிர்த்துச் சருகோடு பிசைந்து இட வேண்டும். குழம்பு, பாயசம் போன்றவற்றில் நீரை வடித்துவிட்டுச் சக்கையை மட்டும் சேர்க்கலாம். எண்ணெய் மிகுந்தவற்றை இடக் கூடாது.

மீன், இறைச்சிக் கழிவு மட்கக்கூடியதுதான். ஆனால் அது எலியையும் நாயையும் ஈயையும் ஈர்க்கும். தொடக்கநிலையில் அதைத் தவிர்ப்பது நல்லது. பழகிய பின் சிறிதளவை நடுவில் புதைத்துச் சருகால் நன்கு மூடலாம். பெரிய எலும்பு, தேங்காய்ச் சிரட்டை, மாங்கொட்டை ஆகியவை மட்க நெடுங்காலம் ஆகும். திருமண விருந்து, கந்தூரி, பக்ரீத் போன்ற நாள்களில் சேரும் பெரும் அளவு கழிவு வீட்டுத் தொட்டிக்கு அடங்காது. அதைக் கலக்காமல் தனியாகச் சேர்த்து நகராட்சியிடம் ஒப்படைப்பதே முறை.

பருவத்துக்கேற்ற பராமரிப்பு

கடையநல்லூருக்கு இரு மழைக்காலங்கள் உண்டு. சூன் முதல் ஆகத்து வரை குற்றாலத்தில் அருவி விழும் காலத்தில், மேற்கு மலையைத் தாண்டி வரும் காற்றோடு சாரலும் இப்பகுதியைத் தொடும். அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இவ்விரு காலங்களிலும் திறந்த தொட்டி நனைந்து நாற்றமெடுக்கும். கூரைச் சார்ப்பின்கீழ் வைப்பதும், சருகின் பங்கைக் கூட்டுவதும் தீர்வு.

மழைக்காலத்தில்தான் சருகு மிகுதியாகத் தேவை. அப்போதுதான் காய்ந்த சருகு கிடைக்காது. வேம்பு, வாதாம் முதலிய மரங்கள் இலையுதிர்க்கும் பின்பனிக் காலத்திலும் கோடையிலும் சருகைக் கூட்டிச் சாக்கில் கட்டி வைத்துக்கொள்வதே பல வீடுகளில் இம்முறை நிலைத்து நடப்பதற்கும் பாதியில் நின்றுபோவதற்கும் உள்ள வேறுபாடு. தெருமுனையில் சருகை எரிக்கும் வழக்கமும் இதனால் குறையும். தென்னை மிகுந்த பகுதி ஆதலால் நார்க்கழிவையும் பயன்படுத்தலாம். அதில் கார்பன் மிக மிகுதி என்பதாலும், எளிதில் சிதையாத லிக்னின் உள்ளதாலும் தனியே மட்க நாள்பிடிக்கும்; ஈரக் கழிவோடு கலக்கும்போது ஈரத்தை நன்கு உறிஞ்சும். கோடையில் தொட்டி காய்ந்துவிடாமல் அவ்வப்போது நீர் தெளிக்க வேண்டும்.

கொசுவும் உரத்தொட்டியும்

2012-இல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் டெங்குக் காய்ச்சல் கடுமையாகப் பரவியபோது மிகவும் பாதிக்கப்பட்ட ஊர்களுள் கடையநல்லூரும் ஒன்று. அவ்வாண்டு தமிழ்நாட்டில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்குவால் பாதிக்கப்பட்டனர். 66 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு கூறுகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிசு கொசு, தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடுகிறது. கவனியாது விடப்பட்ட சிரட்டை, நெகிழிக் குவளை, டயர், பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றில் நிற்கும் சிறிதளவு மழைநீரே அதற்குப் போதும்.

சரியாக நடக்கும் உரத்தொட்டியில் நீர் தேங்குவதில்லை. அதில் இக்கொசு வளராது. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டிலும், மூடியின் குழிவிலும் நீர் நிற்கக்கூடும். அவற்றை வாரம் ஒருமுறையேனும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். சிரட்டையை உரக்குழியில் எறியாமல், உலர்த்தி விறகாகவோ விற்பனைக்கோ வைத்துக்கொள்வது நல்லது. ஈரக் கழிவு நீங்கிய குப்பையில் நாற்றம் இராது என்பதால், மற்றப் பொருள்களைத் தூய்மைப் பணியாளர் வரும் வரை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கவும் இயலும். தெருவோரத்திலும் ஓடையிலும் குவளைகளும் பைகளும் விழுந்து நீர் தேக்குவது அதனால் குறைகிறது.

பொதுவான குறைகள்

அழுகிய நாற்றம் வந்தால் ஈரம் மிகுதி என்று பொருள். சருகு சேர்த்துக் கிளற வேண்டும். நெடுங்காலம் மாற்றமின்றிக் கிடந்தால் ஈரமோ ஈரக் கழிவோ போதவில்லை. நீரோ சாணிக் கரைசலோ தெளிக்கலாம். வெண்ணிறப் பூஞ்சை படர்வது இயல்பு. தடித்த பழுப்பு நிறப் புழுக்கள் தோன்றுவது பலரை அருவருக்கச் செய்து இம்முயற்சியையே கைவிட வைக்கிறது. அவை பெரும்பாலும் கழிவைத் தின்று சிதைக்கும் ஒரு வகைக் கரிய ஈயின் புழுக்கள், அவற்றால் தீங்கில்லை. மேலே சருகு கனமாக மூடினால் குறையும்.

உரமும் அதன் பயனும்

மட்கி முடிந்த உரம் கரும்பழுப்பு நிறத்தில் பொலபொலவென இருக்கும். மழை நனைத்த மண்ணின் மணம் வீசும். தொட்டால் சூடு இராது. முழுதும் மட்காத கழிவைச் செடிக்கு இட்டால், அது மண்ணிலுள்ள நைட்ரஜனைத் தானே இழுத்துக்கொண்டு செடியை வாட்டும்.

இவ்வுரம் யூரியாவுக்கு நிகரான சத்துச் செறிவு உடையதன்று. விற்பனைக்கு வரும் நகர மட்கு உரத்துக்கு இந்திய உரக் கட்டுப்பாட்டு ஆணை வகுத்த குறைந்த நைட்ரஜன் அளவே 0.8 விழுக்காடுதான், யூரியாவில் 46 விழுக்காடு உள்ளது. மண்ணில் கரிமப் பொருளைக் கூட்டி, ஈரத்தைப் பிடித்து வைத்து, நுண்ணுயிர்களை வளர்ப்பதே மட்கு உரத்தின் சிறப்பு. மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு உரம் கலந்து கறிவேப்பிலை, கத்தரி, முருங்கை, மல்லிகை முதலியவற்றுக்கு இடலாம்.

சட்டமும் உள்ளாட்சியும்

நகரக் குப்பை மேலாண்மை குறித்து அல்மித்ரா பட்டேல் 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் விளைவாக இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு முதல் விதிகள் வந்தன. அவற்றுக்கு மாற்றாக 2016 ஏப்ரல் 8 அன்று வெளியான திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்கும் கழிவு, மக்காத கழிவு, வீட்டு அபாயக் கழிவு என மூவகையாகப் பிரித்து ஒப்படைப்பது வீட்டாரின் கடமை என்றன. தெருவிலும் சாக்கடையிலும் நீர்நிலையிலும் குப்பை எறிவதையும் எரிப்பதையும் தடைசெய்தன. தமிழ்நாட்டு நகராட்சிகள் மக்கும் குப்பையைத் தனியே பெற்றுச் சிறு உரமாக்கும் மையங்களில் மட்கச் செய்யும் முறையை மேற்கொண்டன. இம்மையங்களுக்கு வரும் கழிவு பிரிந்து வந்தால்தான் அவை இயங்கும். பிரிக்காமல் தந்தால், அழுகிய குப்பைக்குள் கைவிட்டுப் பொறுக்கும் வேலை தூய்மைப் பணியாளர் மேல் விழுகிறது. உடைந்த கண்ணாடியும் ஊசியும் அவர்கள் கையைக் கிழிக்கின்றன.

ஆலப்புழையின் பட்டறிவு

செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக் கணவாயைக் கடந்தால் வரும் கேரளத்தில், ஆலப்புழை நகரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்நகரின் குப்பை சர்வோதயபுரம் என்ற இடத்தில் கொட்டப்பட்டு வந்தது. அங்கு வாழ்ந்த மக்கள் எதிர்த்துப் போராடி வண்டிகளைத் தடுத்தபோது நகரத் தெருக்களில் குப்பை குவிந்தது. 2012-இல் நகராட்சி ‘நிர்மல பவனம், நிர்மல நகரம்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. வீடுகளுக்குச் சாண எரிவாயுக் கலன்களைப் போன்ற சிறு கலன்களும் உரக்குழாய்களும் மானிய விலையில் தரப்பட்டன. இடமில்லாதவர்களுக்காகத் தெருக்களில் காற்றோட்டமான உரத்தொட்டிகள் அமைக்கப்பட்டன. 2017-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம், திடக்கழிவு மேலாண்மையில் குறிப்பிடத்தக்க ஐந்து நகரங்களுள் ஒன்றாக ஆலப்புழையைக் குறிப்பிட்டது. பெரிய ஆலை எதையும் நம்பாமல், வீடும் தெருவும் சேர்ந்தே ஒரு நகரின் ஈரக் கழிவைக் கையாள முடியும் என்பதை அது காட்டியது.

வரம்புகள்

உரமாக்கம் உணவு வீணாவதை ஈடுசெய்யாது. ஒரு கிலோ அரிசியை விளைவிக்கச் செலவான நீரும் உழைப்பும் உரத்தில் திரும்பி வருவதில்லை. எனவே அளவாகச் சமைத்தல், மிஞ்சியதை மறுவேளைக்குப் பயன்படுத்தல், பிறருக்கோ கால்நடைக்கோ தருதல் ஆகியவை முதலில் வர வேண்டும். தவிர்க்க இயலாத தோலும் சக்கையுமே உரத்தொட்டிக்கு உரியவை. கவனிக்காமல் விட்டு ஈரம் மிகுந்த தொட்டியிலிருந்தும் சிறிதளவு மெத்தேன் வெளியேறும். முதியோர் மட்டும் வாழும் வீடுகளுக்கும், இடவசதி இல்லாத வாடகை வீடுகளுக்கும் தனித் தொட்டி எளிதன்று. அவர்களுக்குத் தெருவுக்கு ஒரு பொதுத் தொட்டியோ நகராட்சியின் தனிச் சேகரிப்போ ஏற்றது. எந்த முறையைத் தேர்ந்தாலும், ஈரக் கழிவை நெகிழியும் கண்ணாடியும் கலவாமல் ஒரு தனி வாளியில் சேர்ப்பதே முதற்படி.